ஈட்டிக்காரனிடம் தோற்ற டாங்கி

போன இதழில் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, ‘சிவிலைசேஷன் என் இளமையில் பாதியைத் தின்றது’ என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அதற்கு வந்த கடிதங்களை வைத்தே இந்த இதழை ஓட்டிவிடலாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரி, ஓட்டுவோம்.

கேள்வி: உங்கள் இளமையைத் தின்னும் அளவுக்கு அதில் அப்படி என்னதான் இருந்தது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 1991-இல் மைக்ரோப்ரோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. சிட் மேயரும் ப்ரூஸ் ஷெல்லியும் வடிவமைத்தார்கள். கி.மு. 4000-இல் ஆரம்பம். உங்களிடம் இருப்பது குடியேறப் புறப்பட்ட ஒரு கூட்டம் மட்டும். சுற்றிலும் கறுப்புத் திரை. ஆற்றங்கரையாகப் பார்த்து ஊரை அமைக்கிறீர்கள். வயல், சாலை, கோயில், படை என்று வளர்ந்து, மற்ற நாடுகளை எல்லாம் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்ப வேண்டும். சதுரங்கம் மாதிரி மாற்றி மாற்றித்தான் ஆட்டம்; ஒவ்வொரு முறைக்கும் ‘டர்ன்’ என்று பெயர். நீங்கள் காபி குடித்துவிட்டு வரும்வரை மங்கோலியர்கள் பொறுமையாக நிற்பார்கள்.

1994-இல் கோவையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த 386 கம்ப்யூட்டரில் மாலை 6 மணிக்கு மேல் நான் ரோமானியச் சக்கரவர்த்தி. ரோமில் கோயில் முடிய இன்னும் 2 டர்ன். எழுத்தறிவு கண்டுபிடிக்க 3 டர்ன். படகு கரை சேர ஒரு டர்ன். எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்து தொலைந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். முடியாது அம்மா. படகு கரை சேர்ந்ததும் அங்கே ஒரு குடிசை தெரியும். குடிசைக்குள் தங்கம் இருக்கலாம், கொள்ளைக்காரர்களும் இருக்கலாம். பார்க்காமல் எப்படிப் போவது? கடைசி டவுன் பஸ் போன பிறகு காந்திபுரத்திலிருந்து நடந்த ராத்திரிகள் நிறைய.

கேள்வி: அதில் ஈட்டி பிடித்த வீரன் டாங்கியையே தோற்கடிப்பான் என்று அண்ணன் சொல்கிறார். கதை விடுகிறாரா?
- ஒரு கல்லூரி மாணவர், சேலம்

பதில்: இல்லை தம்பி. உங்கள் அண்ணன் அடிபட்டவர்.

முதல் சிவிலைசேஷனில் ஒவ்வொரு படைக்கும் தாக்க ஓர் எண், தடுக்க ஓர் எண். டாங்கியின் தாக்குதல் 10. ஃபேலங்ஸ் என்ற ஈட்டிக்காரனின் தடுப்பு 2. இதுவரை சரி. ஆனால் அவன் நிற்கும் ஊர் குன்றின் மேல் இருந்தால் 2 என்பது 4 ஆகும். ஊருக்கு மதில் இருந்தால் அது மூன்று மடங்காகி 12. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே கணினி ஒரே ஒரு தடவை குலுக்கிப் போடும். தோற்றவன் மொத்தமாக அழிவான், ஜெயித்தவன் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. டாங்கி கட்ட 80 கேடயம் செலவு (அந்த விளையாட்டில் உற்பத்திக்குக் கேடயம்தான் அளவு), ஈட்டிக்காரனுக்கு 20. அடுத்தடுத்து மூன்று டாங்கிகளை ஒரே ஃபேலங்ஸிடம் இழந்த அன்று நான் கீபோர்டை அடித்த அடியில் ‘எஃப்’ எழுத்து கழன்று வந்துவிட்டது. மறுநாள் மேனேஜரிடம் எலி மேல் பழியைப் போட்டேன்.

1996-இல் வந்த இரண்டாம் சிவிலைசேஷனில் இதைச் சரிசெய்தார்கள். ஃபேலங்ஸுக்கு 10 உயிர்ப்புள்ளி, டாங்கிக்கு 30 என்று வைத்து, குலுக்கலையும் பல சுற்றுகளாக்கினார்கள். ஈட்டிக்காரனின் பொற்காலம் அதோடு முடிந்தது.

கேள்வி: ஒரிஜினல் வாங்கி விளையாடினீர்களா, திருட்டுப் பிரதியா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: ஃப்ளாப்பியில் வந்தது, யார் யார் கை மாறி வந்ததோ! அதற்கான தண்டனையும் உள்ளேயே இருந்தது. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில், ‘நீ உண்மையான அரசன் இல்லை என்று ஒருவன் சொல்கிறான்’ என்று திரை வரும். ஒரு கண்டுபிடிப்பின் படத்தைக் காட்டி, அது எந்த இரண்டு கண்டுபிடிப்புகளிலிருந்து வந்தது என்று கேட்கும். கையேடு வைத்திருப்பவர் புரட்டிப் பார்ப்பார். நம்மிடம் ஏது? தப்பாகச் சொன்னால் படைகள் கலைந்துபோகும். இரண்டு தடவை நாட்டை இழந்த பிறகு 40 பக்க நோட்டு ஒன்று போட்டேன். ‘சட்டத்தொகுப்பு + ஈமச்சடங்கு = முடியாட்சி. எழுத்து + சட்டத்தொகுப்பு = எழுத்தறிவு.’ அலுவலகப் பேரேட்டைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

கேள்வி: காந்தி அணுகுண்டு போடுவார் என்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்திய அணியின் தலைவர் காந்திதான். அவருடைய மூர்க்க எண் 1 என்றும், மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 கழிந்து, கீழே போக இடமில்லாமல் உச்ச எண்ணான 255-க்குத் தாவிவிடும் என்றும் இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மேயர் 2020-இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில் எழுதிவிட்டார். அணு ஆயுதம் கைக்கு வந்ததும் எல்லாத் தலைவர்களும் அதைச் சொல்லி மிரட்டுவார்கள். அதே வசனத்தைக் காந்தியின் வாயில் கேட்டால் மனதில் ஒட்டிக்கொள்ளாதா? ஆனால் 2010-இல் வந்த ஐந்தாம் சிவிலைசேஷனில், வேண்டுமென்றே வேடிக்கைக்காகக் காந்தியின் அணு ஆசையைப் பத்துக்கு 12 என்று வைத்தார்கள். அது நிஜம்.

கேள்வி: வரலாறு படிக்கிறேன் என்று சொல்லி என் மகன் இதே விளையாட்டில் உட்கார்ந்திருக்கிறான். நம்பலாமா?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: கால்வாசி நம்புங்கள். சக்கரம், நாணயம், அச்சு என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் என்ற எண்ணம் மனதில் பதியும். அது நல்லது. ஆனால் அஸ்டெக்காரனும் சீனனும் ஜூலுவும் ஒரே பாதையில் ஏறி ஒரே விண்கலத்தில்தான் போய் முடிய வேண்டும். வழியில் வரும் குடிசைகளில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. நாம் காலை வைத்ததும் தங்கத்தைக் கொடுத்துவிட்டு மறைந்துபோவார்கள். எனக்கு அப்போது இது உறைத்ததே இல்லை. ‘இன்னொரு குடிசை கிடைக்காதா’ என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் ஆட்டத்தில் இந்திய ஊர்ப் பட்டியல் இன்னொரு தமாஷ். டெல்லி, பம்பாய், அடுத்தது நம் மெட்ராஸ். அதுவரை சந்தோஷம். பிறகு லாகூர், கராச்சி, டாக்கா. அது போதாதென்று பஞ்சாப் ஓர் ஊர், வங்காளம் ஓர் ஊர், கங்கையும் ஓர் ஊர்! உங்கள் ஊர்க்காரர்கள் வருவதற்கு 2025 வரை ஆனது. ஏழாம் சிவிலைசேஷனில்தான் சோழர்கள் தனி நாகரிகமாக வந்தார்கள்.

கேள்வி: 15 வருடமாக விளையாடுகிறேன். ஆரம்பித்த ஆட்டங்களில் கடைசிவரை போனது நான்கோ ஐந்தோதான். தப்பு என் மேலா, விளையாட்டின் மேலா?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: விளையாட்டின் மேல்தான். ஈட்டிக்காரனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் 100 டர்ன் சொர்க்கம். இரண்டே ஊர், மூன்றே வீரர்கள். ஒவ்வொரு முடிவும் உயிர் போகிற முடிவு. கி.பி. 1800 வரும்போது உங்களுக்கு 30 ஊர். ஒவ்வோர் ஊரும் எதையாவது கட்டி முடித்துவிட்டு ‘அடுத்து என்ன?’ என்று வாசலில் நிற்கும். தொழிற்சாலைப் புகையால் வயல் மாசுபடும், ஆள் அனுப்பித் துடைக்க வேண்டும், அடுத்த டர்ன் பக்கத்து வயல். பகலெல்லாம் அலுவலகத்தில் பார்த்த அதே குமாஸ்தா வேலை. இதில் ஜெயிப்போமா தோற்போமா என்பது முந்நூறு வருடங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். முடிந்துபோன ஆட்டத்தை இன்னும் ஆறு மணி நேரம் ஆட வேண்டும்.

ஏன் அப்படி முடிவாகிறது? ஊர்க் கணக்கைப் பாருங்கள். வரைபடம் முழுக்கக் கட்டங்கள். ஊர் அமைந்த கட்டம் தானாகவே விளையும். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு கட்டம். ஐந்து பேர் உள்ள ஒரு பெரிய ஊருக்கு 6 கட்டம். ஒரே ஆள் உள்ள ஐந்து குட்டி ஊர்களுக்கு 10 கட்டம். இந்தச் சூத்திரம் தெரிந்தவன் அழகான நகரம் எதுவும் கட்டமாட்டான். நெருக்கி நெருக்கி ஊர்களைக் கொட்டுவான், அவன்தான் ஜெயிப்பான். எதிராளிக் கணினியாவது புத்திசாலியா? கடினமான நிலைக்குப் போனால் அதற்கு மூளை அதிகமாகிவிடாது. அதன் செலவு குறையும், நம் குடிமக்களுக்குக் கோபம் கூடும், அவ்வளவுதான். அதனால் 1800-இல் எழுந்து போனதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் அங்கேதான் எழுந்து போவேன். போய், புது ஆட்டம் ஆரம்பிப்பேன்.

கேள்வி: காசில்லாமல் இன்று விளையாட வழி உண்டா? ஒரு குறிப்பும் கொடுங்கள்.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஃப்ரீசிவ் என்று ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் 1995-இல் தொடங்கியது, முழுக்க இலவசம்.

குறிப்பு: பழைய ஆட்டத்தில் கொடுங்கோலாட்சியில் இருக்கும்வரை புல்வெளிக்கு வாய்க்கால் வெட்டாதீர்கள். புல்வெளி தருவது 2 உணவு. வாய்க்கால் வந்தால் 3. ஆனால் மூன்றைத் தொட்டதும் அந்த ஆட்சி ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும், மறுபடி 2. முடியாட்சி வரும்வரை அந்த ஆட்களைச் சாலை போட வையுங்கள். இது தெரியாமல் ஆறு மாதம் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆரம்பிக்காதீர்கள்.