சலரோகத்தோடு மூன்று குழாயிலும் அடைப்பு: ஸ்ரென்றா, பைபாஸா?

தம்பி, வன்னியில் மல்லாவியில் இருக்கிற அப்பாவுக்கு சலரோகம், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாயிலும் அடைப்பு, டொக்டர் பைபாஸ் என்கிறார், கனடா மாமா ஸ்ரென்ற் காணும் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். டொக்டர் சொல்வதுதான் சரியான வழி. ஸ்ரென்ற் என்பது குழாய்க்குள் வைக்கும் சின்ன வலைக்குழல், அது அடைபட்ட இடத்தை மட்டும் விரிக்கும். சலரோகக்காரருக்குக் குழாய் நெடுகக் கொழுப்புப் படிந்திருக்கும். இன்று விரித்த இடத்துக்குப் பக்கத்தில் நாளை அடைக்கலாம். பைபாஸில் நெஞ்சின் உட்சுவர் நாடியையும் கால் நாளத்தையும் எடுத்து அடைப்புக்கு அப்பால் தைக்கிறார்கள். இப்படியான நோயாளிகளில் ஸ்ரென்ற் வைத்தவர்களை விட பைபாஸ் செய்தவர்களிடையே இறப்பும் மாரடைப்பும் குறைவு என்று 2012இல் ஃபிரீடம் ஆய்வு காட்டியது. பாரிசவாதம் மட்டும் பைபாஸில் சற்றுக் கூட. அதையும் மறைக்கக்கூடாது.

ஸ்ரென்றுக்கு நான் எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். திடீர் மாரடைப்பில் அது உயிர் காக்கும். நடந்தால் மட்டும் நோகிற நெஞ்சு நோவுக்கு, இடது பிரதான குழாயில் அடைப்பில்லை என்றால், பலருக்கு முதலில் குளிசை போதும். 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வில், முதலில் குளிசை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஸ்ரென்றும் பைபாஸும் நோவைக் குறைத்தன, இறப்பைக் குறைக்கவில்லை. தொலைபேசியில் வைத்தியம் சொல்லும் உறவுகள் றிப்போர்ட்டைக் கண்ணாலும் பார்ப்பதில்லை, கடைசியில் அலைவது நோயாளிதான்.

டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கோ: எக்கோ என்கிற இதய ஸ்கானில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு. வன்னியில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் கனபேர். குழாய் அடைப்பைப் படம்பிடிக்கும் அஞ்சியோவுக்கு ஏற்றும் சாயம் பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம்.

சத்திரசிகிச்சைக்குத் திகதி வரும்வரை, நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கிற ஜீரிஎன் குளிசையை அதன் கபிலக் கண்ணாடிப் போத்தலிலேயே வையுங்கோ. சில இடங்களில் அதையும் கடதாசி உறையில் போட்டு, வாசிக்கேலாத எழுத்தில் கிறுக்கித் தருகிறார்கள். தகரக் கூரை வெக்கையில் அதன் வீரியம் போய்விடும். போத்தல் திறந்து 8 கிழமையில் புதிசு வாங்கவேணும். நெஞ்சு நொந்தால் இருத்திவிட்டு நாக்குக்குக் கீழ் ஒன்று. 5 நிமிடத்தில் குறையாவிட்டால் அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கோ. ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்றால் அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பக் கொடுங்கோ. வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம் ஓடவேண்டாம். கிட்டடிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, தேவையென்றால் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட பிறகு அவர்களே அம்புலன்சில் அனுப்புவார்கள். அந்த ஊசிக்கு நோ தொடங்கி 12 மணித்தியாலம்தான் எல்லை, முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால்தான் நல்ல பலன்.