அரசியல் தலைவருக்கு உரை எழுதிக் கொடுத்தவர் நேர்மையான பத்தி எழுத்தாளராக முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அவரிடம் நடுநிலையை எதிர்பார்க்கக் கூடாது. இந்த நம்பிக்கையை எனக்குத் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சஃபையர்.

1959-இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், வீடு கட்டும் நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பணிக்காகச் சென்றிருந்தார். அந்நிறுவனத்தின் மாதிரி வீட்டுச் சமையலறையில்தான் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் புகழ்பெற்ற வாதத்தை நடத்தினார்கள். அக்காட்சியைப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். நிக்சன் 1969-இல் அதிபரானபோது, வெள்ளை மாளிகையில் உரை எழுதுபவர்களில் ஒருவரானார்.

எதிலும் குறையே காண்பவர்களைச் சாடி, 1970-இல் துணை அதிபர் அக்னியூ பேசிய ‘நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்’ என்ற தொடர் சஃபையர் எழுதியது. மூன்று சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. நம் மேடைப் பேச்சாளர்கள் மோனையை நம்புவதும் இதே காரணத்தால்தான். (அதிலுள்ள ‘நேபாப்’, நம் ‘நவாப்’ கடல் கடந்து போன வடிவம்.) ஆனால் நான் பெரிதாக மதிப்பது, மேடையேறாமலே போன வேறோர் உரையை. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து திரும்ப முடியாமல் போனால் அதிபர் படிப்பதற்கென்று, அவர்கள் தரையிறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 1969 ஜூலை 18 அன்று, அவர் எழுதி வைத்த அஞ்சலி அது. உரைக்கு முன்பாகவே கணவரை இழக்கப்போகும் அப்பெண்களை அதிபர் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்ற குறிப்பையும் அதில் சேர்த்திருந்தார். கேட்கப் போகிறவரின் மனநிலையை முன்கூட்டியே உணர்ந்து எழுதும் இந்தப் பழக்கமே பின்னாளில் அவருடைய பத்திகளுக்கு உயிர் கொடுத்தது என்பது என் கருத்து.

1973-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அவருக்குப் பத்தி கொடுத்தபோது, நிக்சனின் ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று அந்த அலுவலகத்திலேயே பலர் கொதித்தார்கள். அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தாம் உழைத்த அதே ஆட்சி தம் தொலைபேசியையும் ஒட்டுக்கேட்டிருந்தது தெரியவந்தபோது, சஃபையர் அதை மூடி மறைக்காமல் தம் சினத்தைப் பத்தியிலேயே எழுதினார். தனிமனித அந்தரங்கம் அன்றிலிருந்து அவருடைய நிலையான அக்கறையாயிற்று. 2002-இல், தாம் சார்ந்த குடியரசுக் கட்சியே ஆட்சியில் இருந்தபோதும், குடிமக்களின் தகவல்களை மொத்தமாகத் திரட்டும் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) திட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார்.

அதிபர் கார்ட்டர் அரசின் பட்ஜெட் இயக்குநர் பெர்ட் லான்ஸ் மீதான நிதி முறைகேட்டுப் புகார்களைப் பற்றி எழுதிய பத்திகளுக்கு, இதழியலுக்கான புலிட்சர் பரிசை 1978-இல் பெற்றார். லான்ஸ் பின்னர் நீதிமன்றத்தில் விடுதலையானார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈராக் விஷயத்தில் சஃபையர் செய்த தவறு இன்னும் பெரிது: செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவர் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் ஈராக் உளவாளியைச் சந்தித்தார் என்ற, உறுதிப்படாத செய்தியை விடாப்பிடியாக வலியுறுத்தினார். ஒரு தரப்புக்காக வாதிட்டே பழகிய கை, சான்று பலவீனமாக இருக்கும் இடத்திலும் வாதத்தை நிறுத்துவதில்லை; இந்தத் தொழில்மாற்றத்தில் நான் அஞ்சும் உண்மையான ஆபத்து இதுதான்.

1979 முதல் ஆங்கிலச் சொற்களைப் பற்றி அவர் எழுதிய வாரப் பத்தியில் நிலைமை வேறு. அங்கே வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினார்கள். அவற்றை அவர் மகிழ்ச்சியோடு வெளியிட்டார். அரசியல் பத்தியை 2005-இல் நிறுத்திய பிறகும், 2009-இல் இறக்கும் வரை அந்தச் சொல் பத்தியை அவர் விடவில்லை.