பவுண்டு விலையைவிட ஏப்ரல் உயர்வைக் கவனியுங்கள்
லண்டனிலிருந்து கோவைக்குத் திரும்பி, பிரிட்டன் அரசு ஓய்வூதியத்தை நம்பி வாழலாமா, பவுண்டு சரிந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. சரியத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்று 2016 ஜூனில் நடந்த வாக்கெடுப்பு நாளில் 100 ரூபாயை ஒட்டியிருந்த பவுண்டு, அக்டோபரில் 82 அருகே வந்தது. பிறகு ஏறியும்விட்டது. ஏறாமல் நிற்கப்போவது உங்கள் ஓய்வூதியம்தான்! இந்தியாவில் குடியேறியவர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் வரும் உயர்வு கிடையாது. பழைய தொகையே கடைசிவரை வரும். காலமெல்லாம் சந்தா கட்டியவர்களுக்கு இது பெரும் அநியாயம். பணத்தை அங்குள்ள வங்கிக் கணக்கிலேயே பெற்று, நல்ல விலை கிடைக்கும்போது மாற்றுங்கள். ஆறு மாதச் செலவுக்கான ரூபாய் எப்போதும் கையிருப்பில் இருந்தால், விலை விழுந்த மாதத்தில் விற்க வேண்டியிராது.