கடையில் வயர்லெஸ் விலை லேபிள்கள்: எங்கே தொடங்குவது, எங்கே அடி வாங்குவோம்?

கேள்வி: சுமார் 3,000 பொருட்கள் உள்ள கடை. அலமாரியில் செருகும் காகித விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு வயர்லெஸ் மின்னணு லேபிள்கள் போடலாம் என்றிருக்கிறோம். எப்படித் தொடங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்? எல்லாம் முடிந்தபின் இப்போதுள்ள லேபிள் பிரிண்டரைக் கொடுத்துவிடலாமா?

பதில்:

நான் ஒரு பல்பொருள் கடையின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்பவன். எங்களிடம் இப்போது சுமார் 2,800 லேபிள்கள் ஓடுகின்றன. மாட்டி முடித்த மூன்றாவது மாதம் ஒரு வாடிக்கையாளர், கையில் பில்லோடு, என்னை உறைபெட்டி வரிசைக்குக் கூட்டிப்போனார். லேபிளில் ஒரு விலை, பில்லில் அதைவிட அதிகம். மென்பொருளில் போய்ப் பார்த்தால் புதிய விலை ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சையில் இருக்கிறது. வித்தியாசத் தொகையைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, அந்த லேபிளைக் கழற்றி என் மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், யாரும் தொடாமலே அது புது விலைக்கு மாறியிருந்தது.

குளிரில் பேட்டரி மயங்கிக் கிடந்திருக்கிறது. அறைச் சூடு பட்டதும் விழித்துக்கொண்டு, விட்ட வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் மயங்கிக் கிடந்த நாளெல்லாம் முடிந்துபோன சலுகை விலையைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த லேபிள்களின் குணமே இதுதான். திரை மின்தாள் வகை. உள்ளே வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். படம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், ஒரு பொத்தான் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட முடிகிறது. அதே காரணத்தால் செத்த பிறகும் கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் திரை கறுத்து நமக்குத் தெரிந்துவிடும். இது கறுக்காது.

ஆகவே விற்பனையாளர் வந்து திரையின் அழகைக் காட்டும்போது, முதலில் இதைக் கேளுங்கள்: லேபிள் படத்தை மாற்றி முடித்தபின் பதில் அனுப்புகிறதா, அந்தப் பதில் எனக்கு எங்கே தெரியும்? ‘அனுப்பியாச்சு’ வேறு, ‘மாறியாச்சு’ வேறு. எங்கள் மென்பொருளில் இரண்டாவது தகவல் நான்கு திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருந்தது. இப்போது தினமும் கடை திறப்பதற்கு முன் ஒரு பட்டியல் அச்சாகி வருகிறது: மாற்றத்தை உறுதிசெய்யாத லேபிள்கள், 24 மணி நேரமாகச் சத்தமே போடாத லேபிள்கள், பேட்டரி இறங்கிய லேபிள்கள். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வருவார். ஆரம்பத்தில் ஒரு பக்கம் நிறைய வந்தது, இப்போது ஐந்தாறு வரிதான். இந்தப் பட்டியல் கிடைக்காத அமைப்பை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

உறைபெட்டிக்கென்றே தனி லேபிள் இருக்கிறது என்பதையும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கற்றேன். சாதாரண மின்தாளை 0 முதல் 40 டிகிரி வரைக்கும் என்றுதான் குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே திரவம் கெட்டியாகித் துகள்கள் மெதுவாக நகரும், பேட்டரியின் உள் மின்தடையும் ஏறிவிடும். படம் மாறுகிற நொடியில் மின்னழுத்தம் சரிந்து லேபிள் படுத்துவிடும். மைனஸ் 25 டிகிரி வரை தாங்கும் வகைகள் உண்டு. எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கெடுத்து ஆர்டர் கொடுங்கள்.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன். லேபிளை ஆர்டர் செய்வதற்கு முன்னால் பில்லிங் மென்பொருளில் உள்ள பொருள் பட்டியலைத் திறந்து உட்காருங்கள். எங்களுக்கு மொத்த வேலையில் பாதி இதிலேயே போனது. ஒரே பொருள் இரண்டு பார்கோடில் இருக்கும். சலுகை முடியும் தேதி காலியாக இருக்கும். பெயர் என்ற இடத்தில் யாரோ அவசரத்தில் தட்டிய ஏழு எழுத்துச் சுருக்கம் இருக்கும். காகிதச் சீட்டு காலத்தில் இதையெல்லாம் ஊழியர்கள் மனதிலேயே சரிசெய்து எழுதிவிடுவார்கள். லேபிள் அப்படிச் செய்யாது, பட்டியலில் உள்ளதை அப்படியே காட்டும்.

அப்புறம் பில்லிங்கையும் லேபிள் மென்பொருளையும் இணைப்பது. ஏபிஐ, அதாவது இரண்டு மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் வழி, அதன் மூலம் நேரடியாகப் பேசவைத்தால் நல்லது. எங்கள் பில்லிங் பழையது, அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பொருள் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எழுதி ஒரு ஃபோல்டரில் போடச் செய்தோம். ஒரு நாள் அந்தக் கோப்பை பில்லிங் எழுதிக்கொண்டிருக்கும்போதே லேபிள் மென்பொருள் எடுத்துவிட்டது. பாதிக் கோப்புதான் போயிற்று, மீதிப் பொருட்கள் நீக்கப்பட்டதாக அது நினைத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான லேபிள்கள் வெறுமையாகிவிட்டன. அதன்பின் கோப்பை வேறு பெயரில் எழுதி முடித்து, கடைசியில் பெயரை மாற்றும்படி செய்தோம். பத்து சதவீதத்துக்கு மேல் பொருட்கள் குறைந்தால் எதையும் மாற்றாமல் எச்சரிக்கை கொடு என்று ஒரு பூட்டும் போட்டோம்.

விலை ஏறும்போதும் இறங்கும்போதும் வரிசை வேறு. இறங்குகிறதென்றால் முதலில் பில்லிங்கில் குறைத்துவிட்டு அப்புறம் லேபிளை மாற்றுங்கள். ஏறுகிறதென்றால் கடை மூடியபின் மாற்றுங்கள். ஒருவர் பொருளைக் கூடையில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுக் கவுண்டருக்கு வருவார். அதற்குள் விலையை ஏற்றிவிட்டால், அவர் பார்த்த விலைக்கு சாட்சி கூட மிஞ்சாது. 2024 ஜூனில் வால்மார்ட், 2026க்குள் 2,300 கடைகளில் இந்த லேபிள்களைப் போடுவதாக அறிவித்தபோது, இரண்டு நாள் பிடித்த விலை மாற்ற வேலை சில நிமிடங்களில் முடியும் என்றது. உண்மைதான். தவறான விலையும் அதே சில நிமிடங்களில் கடை முழுக்கப் பரவும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ் பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். எனக்கு அதில் தொந்தரவு குறைவுதான். மென்பொருளுக்கும் லேபிள்களுக்கும் நடுவே தகவலைக் கடத்தும் பெட்டிதான் கேட்வே. கூரையில் மாட்டும் கேட்வே ஒன்று ஆயிரக்கணக்கான லேபிள்களோடு பேசும். ஸ்வீடனின் பிரைசர் நிறுவனம் அகச்சிவப்பு ஒளியில் பேசவைக்கிறது. சில நிறுவனங்கள் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அது தூரம் போகும், தடைகளைத் தாண்டும், ஆனால் எந்த அதிர்வெண் அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். இப்போது அதிகம் கிடைப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ். 2023 பிப்ரவரியில் வந்த ப்ளூடூத் 5.4 இந்த லேபிள்களை மனதில் வைத்தே ஒரு புதிய முறையைச் சேர்த்தது: லேபிள் தனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் மட்டும் கண்விழித்துக் கேட்டு, பதில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். 128 குழுக்கள், குழுவுக்கு 255 லேபிள்கள், ஆக ஒரு கேட்வேக்கு 32,640 முகவரிகள். உங்கள் 3,000 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் லேபிள் இன்னொரு நிறுவனத்தின் கேட்வேயோடு பேசாது. பொதுத் தரம் வந்ததால் இது மாறலாம், ஆனால் பெட்டியில் ‘ப்ளூடூத் 5.4’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வெவ்வேறு நிறுவனப் பொருட்களைக் கலந்து வாங்காதீர்கள். மாதிரி வாங்கி, ஓடவைத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

சிக்னல் சோதனையைக் காலி ரேக்கில் செய்யாதீர்கள். இரும்பு ரேக் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை விழுங்கும். குளிர்பான பாட்டில்களை அடுக்கியபின் எங்கள் கடையின் ஒரு மூலை மொத்தமாக ஊமையாகிவிட்டது. இரண்டு கேட்வே போதும் என்று சொல்லியிருந்தார்கள், மூன்றாவது ஒன்று போட வேண்டியதாயிற்று. இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கடையின் வைஃபையை 1, 6, 11 சேனல்களில் வைத்தால், இடையில் லேபிள்களுக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். வைஃபை தானாகச் சேனல் மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்து வையுங்கள். கேட்வேக்குத் தனியாகப் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கலாம், கேபிள் 100 மீட்டரைத் தாண்டாதவரை. வாடிக்கையாளர்களுக்கான வைஃபையும் கேட்வேயும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பேட்டரி ‘ஐந்து ஆண்டு வரும்’ என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சி.ஆர். 2450 பொத்தான் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 600 மில்லி ஆம்பியர் மணி. ஐந்து ஆண்டு என்பது 43,800 மணி நேரம். அப்படியானால் சராசரியாக 14 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகத்தான் லேபிள் செலவழிக்கலாம். கண்விழித்துக் கேட்பதும் படத்தை மாற்றுவதும் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எங்கள் மேலாளர் ஆசைப்பட்டார் என்று லேபிள் மூலையில் ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ போட்டோம். விலை மாறாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை எல்லா லேபிளும் கண் சிமிட்டி மாறின. ஒரே வாரத்தில் எடுத்துவிட்டோம். சிவப்பு நிறமுள்ள திரை இன்னும் பசிக்காரன். கறுப்பு வெள்ளை இரண்டு மூன்று நொடியில் மாறினால், சிவப்பு சேர்ந்தது பத்து நொடிக்கு மேல் மினுக்கிக்கொண்டிருக்கும். சலுகைப் பொருட்களுக்கு மட்டும் சிவப்பு போதும்.

திரை வடிவமைப்பில் பேராசை வேண்டாம். 2.13 அங்குல லேபிளில் 250க்கு 122 புள்ளிகள்தான். விலை, பெயர், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பது, ஒரு பார்கோடு. இதற்கே இடம் சரியாகிவிடும். தமிழில் பெயர் போடுவதென்றால் வாங்குவதற்கு முன்பே ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ உள்ள நாலு பெயரைக் கொடுத்து லேபிளில் காட்டச் சொல்லுங்கள். பல மென்பொருள்கள் எழுத்துகளைக் கோத்து வரையத் தெரியாமல் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்துவிடும். எங்களுக்கு அனுப்பிய முதல் மாதிரியில் ஒற்றைக்கொம்பு போட்ட அத்தனை பெயரும் கந்தலாகி வந்தது. மெல்லிய கோடுள்ள எழுத்துருவும் வேண்டாம், சின்ன அளவில் புள்ளி தெரியாமல் ‘ப்’ ‘ப’ ஆகிவிடும்.

மாட்டும் நாளைப் பற்றி. கையடக்க ஸ்கேனரில் பொருளின் பார்கோடை ஒருமுறை, லேபிளின் பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்தால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும். கேட்க எளிது. ஆனால் நானூறாவது லேபிளில் கை தானாக ஓடும், மனம் எங்கோ இருக்கும். ஒரு வரிசையில் ஒன்று தள்ளிப்போனால், அதற்கப்புறம் முழு வரிசையும் ஒன்று தள்ளித்தான் இருக்கும். நாங்கள் இருவர் இருவராகச் செய்தோம். ஒருவர் ஜோடி சேர்ப்பார், பத்து லேபிளுக்குப் பின்னால் இன்னொருவர் பொருளை ஸ்கேன் செய்து லேபிளோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவார். முதலில் ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள். அந்த வரிசைக்குக் குளிர்பானப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், கஷ்டமெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஊழியர்கள் முறைத்துக்கொள்வார்கள் என்று பயந்தோம், நடக்கவில்லை. லேபிளில் உள்ள சின்ன எல்.இ.டி. விளக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து மினுக்கவைக்கலாம். ஆன்லைன் ஆர்டருக்குப் பொருள் எடுக்கிறவர்கள் அதைப் பார்த்தபின் எங்களைவிட ஆர்வமாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: பொருளை இடம் மாற்றினால் லேபிளையும் கூடவே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும்.

நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் உபரி லேபிள் வாங்குங்கள். வண்டி இடிக்கும், குழந்தைகள் பிடுங்குவார்கள், ஈரத் துணியால் துடைப்பார்கள். ரேக்கின் முன்பக்கப் பட்டை அகலத்தை அளந்தபின்தான் கிளிப் ஆர்டர் செய்ய வேண்டும். எங்கள் ரேக்குகள் மூன்று வெவ்வேறு காலத்தில் வாங்கியவை, மூன்று வகைக் கிளிப் தேவைப்பட்டது. இது அற்ப விஷயம்தான், ஆனால் கிளிப் வராமல் பத்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிரிண்டரைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் தெளிக்கும் காய்கறிப் பக்கத்தில் எங்களிடம் இன்னும் காகிதம்தான். காலைப் பட்டியலில் வரும் ஐந்தாறு லேபிளுக்கும், வேறு லேபிள் ஜோடி சேர்க்கும்வரை, ஒரு சீட்டு அடித்து மேலே செருகிவிட்டுத்தான் கடையைத் திறக்கிறோம்.