லைக் குவெரியில மாட்டின ஆக்கள் கேளுங்கோ

திருகோணமலைப் பக்கத்து பஸ் நிறுத்தங்களைத் தேடுற ஆண்ட்ராய்ட் ஆப் ஒண்டு செய்து வைச்சிருக்கிறன், உள்ள இருக்கிற தரவுத்தளம் எஸ்கியூலைட், சொல்லின்ர ஒரு துண்டை வைச்சு அதில தேடுற கட்டளைதான் லைக். பின்னேரம் வரை நிப்பன்.

கேள்வி: அண்ணை, லைக் '%?%' எண்டு போட்டன், ஒண்டும் வருகுதில்லை.

பதில்: மேற்கோளுக்குள்ள போன ? வெறும் எழுத்துத்தான் தம்பி. தேடுற சொல்லுக்கு இடம் பிடிக்கிற ? மட்டும் தனிய விடுங்கோ, அதுக்குக் குடுக்கிற சொல்லில ரெண்டு பக்கமும் % (எந்த எழுத்தும் எத்தனையும் வரலாம்) சேர்த்துக் குடுங்கோ. ஆனா ஆள் டைப் பண்ணினதை குவெரிக்குள்ள நேரா ஒட்டாதீங்கோ, ஒரு ஒற்றை மேற்கோளே ஆப்பை விழுத்தும்.

கேள்வி: "வெளி" எண்டு முடியிற ஊர் மட்டும்?

பதில்: '%வெளி'. நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி வரும். முன்னுக்கு % நிண்டா தேடலை வேகமாக்கிற இண்டெக்ஸ் உதவாது, ஆனா சில நூறு வரிக்கு அதெல்லாம் கவலையே இல்லை.

கேள்வி: மூதூர் மூண்டு எழுத்து, '___' போட்டா வரேல்லையே?

பதில்: ஒரு _ எண்டா ஒரு எழுத்து. மூதூர் உங்களுக்கு மூண்டு, எஸ்கியூலைட்டுக்கு ஆறு. மெய்க்குப் பக்கத்தில நிக்கிற ஊகாரக் குறி, ர் மேல இருக்கிற புள்ளி எல்லாம் தனித்தனி.

கேள்வி: ஐபோனில?

பதில்: அங்கயும் அதே எஸ்கியூலைட்தான். ஐபோன் ஆப் எழுதுற ஸ்விஃப்ட் மொழி தெரிஞ்ச ஆளைப் பிடியுங்கோ.

கேள்வி: திருக்கோணமலை எண்டு தேடினா திருகோணமலை வருகுதில்லை.

பதில்: 'திரு%கோணமலை'. % இருக்கிற இடத்தில ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம், அதால ரெண்டும் வரும்.

கேள்வி: க் போட்டாத்தான் சரி, திருக்குறளுக்குப் போடுறீங்கதானே!

கேள்வி: என்ர அடையாள அட்டையில க் இல்லை, அப்ப நான் எந்த ஊர்?

பதில்: இலக்கணப்படி க் வரும், ஊரில எழுதுறது ரெண்டும். சம்பந்தர் பாடினது கோணமாமலை, அதுவும் வேணுமெண்டா '%கோண%மலை' போடுங்கோ, சண்டையை விடுங்கோ. இதைவிடப் பெரிய வில்லங்கம் கோவன்னாவில இருக்கு. ஒரே மாதிரித் தெரியிற ரெண்டு "திருகோணமலை" என்ர டேபிளில கிடந்துது, தேடினா ஒண்டுதான் வரும், ஒரு முழு இரவு மண்டை காய்ஞ்சு கடைசியில லெங்த் பார்த்தா ஒண்டு 10, மற்றது 11. ஓகாரக் குறி ஒண்டில முழுசா, மற்றதில ஏகாரக் குறியும் காலும் எண்டு ரெண்டு துண்டா. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. சேமிக்கேக்கையும் தேடேக்கையும் நோர்மலைசரால என்எஃப்சி (துண்டான குறியை ஒண்டாச் சேர்க்கிற வடிவம்) ஆக்குங்கோ, ஒரு பக்கம் மட்டும் செய்து பிரயோசனமில்லை.

கேள்வி: கோயில் எண்டு எழுதோணுமா கோவில் எண்டா?

பதில்: 'கோ_ில்' போடுங்கோ, என்னை விடுங்கோ.

கேள்வி: அண்ணா, '%?%' போட்டா ஒண்டும் வருகுதில்லை.

பதில்: முதல் பதில். மேல.