பால் ஊற்றாத டீ: வாசகர் கேள்வி – பதில்

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: குன்னூரில் ஆர்த்தடாக்ஸ் டீ 100 கிராம் வாங்கி வந்தேன். அங்கே குடித்தபோது பூ வாசனை வந்தது. வீட்டில் போட்டால் ஒரே கசப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

இலை அதேதான், போட்ட விதம்தான் வேறு. நம் வீடுகளில் பழகிய டீத்தூள் சி.டி.சி. ரகம். இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்து மணிமணியாகச் சுருட்டியது. அது கொதிக்கலாம். எவ்வளவு துவர்ப்பு இறங்கினாலும் பாலில் உள்ள கேசீன் புரதம் பிடித்துக்கொள்ளும். ஆர்த்தடாக்ஸ் என்பது வாட்டி, உருட்டி, பதமாகக் காற்றில் நிறம் மாறவிட்டுக் காயவைத்த இலை. அடுப்பில் கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும், துவர்ப்புதான் மிஞ்சும்.

ஒரு கப்புக்கு, அதாவது 150 மில்லி தண்ணீருக்கு, 2 கிராம் இலை. ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். நீள இலை இடத்தை அடைக்கும், எடை இருக்காது. தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு நிமிடம் கழித்து இலைமேல் ஊற்றி மூடுங்கள். மூன்று நிமிடத்தில் முழுக்க வடித்துவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். இலையைக் கப்பிலேயே ஊறவிட்டுக் குடிப்பதால் கடைசி மடக்கு வாயைச் சுருக்குகிறது. லைட்டாக இருந்தால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், கோவையில் 98-ஐத் தாண்டும். அந்த ஒரு நிமிட ஆறல் இதற்காகத்தான். தண்ணீரும் முக்கியம். உப்பேறிய போர் தண்ணீரில் எந்த நல்ல இலையும் மங்கி, மேலே ஏடு படியும்.

மதுரையில் சிறு கஃபே நடத்துபவர்: வரும் பிள்ளைகள் ஐஸ் டீதான் கேட்கிறார்கள். சூடாகப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடுகிறது. கெட்டுப்போனதா?

கெடவில்லை. சூட்டில் கரைந்திருந்த காஃபினும் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் ஆறும்போது ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதால் வரும் கலங்கல் அது. மறுபடி சூடாக்கினால் தெளிந்துவிடும். கடுமையான அசாம் டீயில் இது அதிகம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் ஆறினாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு நீலகிரி இலை பெயர் பெற்றிருப்பதும் இதனால்தான். பிள்ளைகள் டீயைக் குளிர்ச்சியாகக் கேட்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். இந்த இலைக்கு அது பொருத்தமான வழி.

சூடே இல்லாமல் போட்டுப் பாருங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 10 கிராம் இலை போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் 8 மணி நேரம். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் குளிர்ந்த நீரில் மெதுவாகவே இறங்கும். இதமான சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலம் நன்றாகக் கரையும். அதனால் சர்க்கரை இல்லாமலே இனிப்பின் சாயல் தெரியும். முதல் முறை பிளாக் டீ குடிக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். மதுரை வெயிலில் வெளியே ஊறவைக்காதீர்கள், கிருமி வளரும். வடித்ததை ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள். இனிப்பு கேட்பவர்களுக்குச் சர்க்கரைப் பாகு தயாராக வைத்திருங்கள். சர்க்கரை குளிர்ந்த டீயில் அடியில் தங்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கும், அது இயல்பு.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: மகன் மாட்சா வாங்கிக் குவிக்கிறான். நம் ஊர் கிரீன் டீயும் அதுவும் ஒன்றுதானே?

செடி ஒன்று, பண்டம் வேறு. மாட்சா ஜப்பானிய கிரீன் டீ பொடி. மாட்சாவுக்கான இலையைப் பறிப்பதற்குச் சில வாரம் முன்பே தோட்டத்தைத் திரையிட்டு நிழலில் வைப்பார்கள். ஆவியில் வேகவைத்துக் காயவைத்து, காம்பு நரம்பு நீக்கி, மாவாக அரைப்பார்கள். இலையையே குடிக்கிறோம். அதனால் காஃபினும் கூடுதல், இரவில் வேண்டாம். 2 கிராமைச் சலித்துவிட்டு, 80 டிகிரி தண்ணீர் 70 மில்லி ஊற்றி, மூங்கில் மத்தால் நுரை வர அடிக்க வேண்டும். சலிக்காவிட்டால் கட்டி தட்டும். பால், சிரப் சேர்த்த மாட்சா லாட்டேயில் டீயின் தரம் தெரியாது. மகனை ஒரு முறை தண்ணீரில் மட்டும் அடித்துக் குடிக்கச் சொல்லுங்கள். நீலகிரி கிரீன் டீயையும் 80 டிகிரியில் 2 நிமிடம் ஊறவைத்துப் பக்கத்தில் வையுங்கள். எது பிடிக்கிறது என்று அவரே சொல்லட்டும்.

சேலம் வாசகி: இன்ஸ்டாவில் வரும் நீல டீ?

அது சங்குப்பூ, தேயிலை கிடையாது, காஃபினும் இல்லை. எலுமிச்சை விட்டால் ஊதாவாகும். கண்ணுக்கு அழகு, வாசனை குறைவு.

சென்னை வாசகர்: ஃப்ராஸ்ட் டீ ஏன் அவ்வளவு விலை? வாங்கலாமா?

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி காலத்தில் பறிப்பது. குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை செறியும், விளைச்சல் குறையும். அதனால் விலை. புதிதாகப் பழகுபவர் 25 கிராம் பொட்டலம் வாங்கினால் போதும். பறித்த மாதம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் பட்டை வாசம் ஏறிவிடும். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டின்னில் தனியாக வையுங்கள்.