அலியும் டைசனும் மோதியிருந்தால்? ஹெவிவெயிட் கேள்வி பதில்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது, வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார் என்று கிளம்பிய வாக்குவாதம் இது. கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கேட்டவர்களை அவரவர் வட்டாரப் பெயரால் குறித்திருக்கிறேன். என் வழக்கம் ஒன்றுதான். இரண்டு பேர் மோதவே இல்லையா? சரி, அவர்கள் நிஜமாக ஆடிய ஆட்டங்களில் இதற்குக் கிட்டத்தில் வருவது எது என்று தேடுவேன். அப்புறம், எந்த வருடத்து ஆள், எந்தக் காலத்து விதி என்று கேட்பேன். இதெல்லாம் தெரியாமல் யார் ஜெயிப்பார் என்று சொல்ல எனக்கு வராது.

ஈசூன்: அண்ணே, 1988 டைசன், 1966 அலி. யார்?

தம்பி, நீங்கள் வருடத்தோடு கேட்டதே பாதி பதில். 1988 டைசன் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் முடித்தவர். 1966 அலி, ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் அனுப்பிவைத்தவர். இரண்டு பேரும் உச்சத்தில் இருந்த நேரம்.

முதலில் டைசன் பக்கம் பேசுகிறேன். அலிக்குக் கடைசிவரை போகாத பழக்கம் ஒன்று உண்டு. கையை இடுப்புப் பக்கம் தொங்கவிடுவார், குத்து வந்தால் தலையை நேராகப் பின்னால் இழுப்பார். பயிற்சியாளர் யாரும் சொல்லித்தராத விஷயம் அது. 1963-இல் ஹென்றி கூப்பர் அவரைக் கீழே தள்ளியது இடது ஹூக்கில், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்தில். 1971-இல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், 15ஆவது சுற்றில், ஜோ ஃபிரேசியர் தள்ளியதும் இடது ஹூக்கில். டைசனின் இடது ஹூக் இவர்களுடையதற்கு இளைத்ததல்ல. கூடவே வலது கையும் அதே வேகத்தில் வரும். ஃபிரேசியரிடம் அது இல்லை.

ஆனால் 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது அலி-ஃபிரேசியர் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். பலரும் தாண்டிவிடும் ஆட்டம் அது. ஃபிரேசியர் உள்ளே நுழையும்போதெல்லாம் அலி அவர் பிடரியைக் கையால் வளைத்து, தலையைக் கீழே அழுத்தி, கட்டிக்கொள்வார். பார்க்க அழகில்லை. ஆனால் 12 சுற்றும் அதுதான் வேலை செய்தது. இப்போது டைசன் பக்கம் வாருங்கள். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித் 12 சுற்றும் டைசனைக் கட்டிப்பிடித்தே நின்றார். தோற்றார், ஆனால் விழவில்லை. பிடியை உதறிக்கொண்டு உள்ளே நின்று குத்தும் வித்தை டைசனிடம் அவ்வளவாக இல்லை. நடுவர் பிரித்துவிடும்வரை காத்திருப்பார். 1990 டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் செய்ததும் இதேதான். நீண்ட ஜேப் (முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டும் குத்து), உடனே வலது, நெருங்கினால் பிடி. டைசன் அன்று சரியாகத் தயாராகவில்லை என்பது உண்மை. ஆனால் டக்ளஸ் கால் அலியின் கால் இல்லை என்பதும் உண்மை.

என் கணக்கு: முதல் நான்கு சுற்று அலிக்கு நெருப்பு, ஒருமுறை விழுவார். ஆறாவதிலிருந்து டைசன் தலையை ஆட்டுவது குறையும், ஜேப் விழ ஆரம்பிக்கும். 12 சுற்று என்றால் புள்ளிகளில் அலி. 15 என்றால் டைசன் கடைசிவரை நிற்கமாட்டார்.

ஜூரோங் வெஸ்ட்: அங்கிள், மார்சியானோ 49 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கம்ப்யூட்டரே அவர் அலியை வென்றார் என்று சொன்னதே?

அந்தக் கதை பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முதலில் வானொலியில் ஒரு கற்பனைப் போட்டி நடத்தினார்கள், அதில் அலி ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்தது. அலி வழக்குப் போட்டார். அதன்பின் 1969-இல் அலியையும் ஓய்வுபெற்ற மார்சியானோவையும் நிஜமாகவே வளையத்தில் நிறுத்தி, பல விதமான முடிவுகளை நடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். மார்சியானோ உடம்பை இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளியாகுமுன் விமான விபத்தில் இறந்துபோனார். 1970-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது 13ஆவது சுற்றில் மார்சியானோ நாக்அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதிலோ அலிக்கு வெற்றி. இதை ஆதாரமாக வைத்து நான் பேசமாட்டேன்.

நிஜ ஆதாரம் 1952 ஃபிலடெல்ஃபியா. ஜெர்சி ஜோ வால்காட்டிடம் 12 சுற்றுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் மார்சியானோ பின்னால். 13ஆவதில் ஒரே ஒரு குட்டையான வலது, வால்காட் கயிற்றில் தொங்கினார். அந்தக் குத்துக்கு எந்தக் காலத்திலும் மரியாதை உண்டு.

கை வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்சியானோவுக்கு 68 அங்குலம், அலிக்கு 78. பத்து அங்குலம் என்றதும் எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். அந்த அளவு இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை, நெஞ்சையும் சேர்த்து. ஒரு கைக்கு என்று பார்த்தால் ஐந்து அங்குலம்தான். கோப்பிக்கடை மேசையில் டேப்பை விரித்துக் காட்டினேன், கோப்பி கலக்கும் கரண்டி நீளம். ஆனால் அந்தக் கரண்டி நீளத்தை ஒவ்வொரு முறையும் அடி வாங்கித்தான் கடக்க வேண்டும். ஃபேரர் பார்க்கில் பழகிய காலத்தில் என்னைவிட ஒரு தலை உயரமானவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சி ஆட்டம், செய்திருக்கிறேன். அவருடைய ஜேப் வலிக்காது. நெற்றியில் தொட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறை தொடும்போதும் என் கால் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் எனக்குத் தோள் தூக்க வரவில்லை.

மார்சியானோவுக்குத் தோள் 15 சுற்றும் தூக்க வரும், அது வேறு. அவருக்கு ஆபத்து காயம். 1954-இல் எசார்ட் சார்ல்ஸ் அவர் மூக்கைக் கிழித்தார். ரத்தம் கொட்டக் கொட்ட ஆடி எட்டாவது சுற்றில் ஜெயித்தார். இன்றைக்கு அப்படிக் கிழிந்தால் மருத்துவர் நிறுத்திவிடக்கூடும். அலியின் ஜேப் அந்தத் தோலைக் கிழிக்கும். 1966 அலி, காயத்தால் நிறுத்தம், பத்தாவது சுற்றுவாக்கில்.

செங்காங்: பழைய ஆட்கள் எல்லாம் 190 பவுண்டு. டைசன் ஃபியூரி முன்னால் ஜேக் டெம்ப்ஸி நிற்கவே முடியாதே?

எந்த விதியில் தம்பி? (ஃபியூரி நம் காலத்து பிரிட்டிஷ் வீரர், மைக் டைசன் வேறு.) 1919 ஜூலை 4, டொலிடோ. ஜெஸ் வில்லர்ட் ஆறரை அடி, 245 பவுண்டு. டெம்ப்ஸி 187. முதல் சுற்றிலேயே ஏழுமுறை விழுந்தார் வில்லர்ட். அளவு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அன்று, விழுந்தவர் எழுந்திருக்கும்வரை அடித்தவர் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்று, வில்லர்டின் முழங்கால் தரையை விட்டதும் அடித்தார். இன்று அது நடக்காது. ஃபியூரிக்குப் பத்து எண்ணும் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை அவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று 2018-இல் வைல்டருக்கு எதிராக 12ஆவது சுற்றில் பார்த்தோம். மல்லாந்து கிடந்தவர் எழுந்து வந்து ஆடினார். இன்றைய விதியில் ஃபியூரி, மேலே சாய்ந்து சாய்ந்தே டெம்ப்ஸியைக் களைக்கவைப்பார். 1919 விதியில் நான் டெம்ப்ஸி பக்கம்.

பிடோக்: ஃபோர்மன் - டைசன்?

ஃபோர்மன். யோசிக்கவே வேண்டாம். 1973 கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு சுற்றில் ஆறுமுறை தள்ளினார். குனிந்து உள்ளே வருகிறவரை இரண்டு கையாலும் தோளில் தள்ளி நிமிர்த்திவிட்டு அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) போடுவார். டைசன் வருவதும் அதே பாதையில்தான்.

தெம்பனிஸ்: ஐயா, ஜோ லூயிஸை யாரும் பேசுவதில்லையே. அவர் அலியிடம் தோற்பாரா?

பேசாதது நியாயமே இல்லை. 1937 முதல் 1949 வரை பட்டம், 25 முறை தக்கவைத்தார். ஹெவிவெயிட்டில் அதை இன்னும் யாரும் தொடவில்லை. அவருடைய குத்து ஆறு அங்குலம்தான் பயணம் செய்யும், ஆள் விழுந்துவிடுவார். 1938-இல் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்ததை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு குத்தும் வீணாகாது.

ஆனால் கால் உள்ளவர்கள் அவரைப் படுத்தினார்கள். 1941-இல் பில்லி கான், லூயிஸைவிட எவ்வளவோ இளைத்தவர், 12 சுற்று முடிவில் முன்னால் இருந்தார். 13ஆவதில் நாக்அவுட் செய்யப் போய் மாட்டிக்கொண்டார். 1947-இல் வால்காட் லூயிஸை இரண்டுமுறை தள்ளினார், முடிவை லூயிஸுக்குக் கொடுத்தது இன்றும் சர்ச்சை. கானைவிட 40 பவுண்டு கூடிய, அதே அளவு ஓடும் ஆள்தான் அலி. அதனால் புள்ளிகளில் அலி. எழுதவே மனம் வரவில்லை, ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்தவர் லூயிஸ்.

பொங்கோல்: உசிக்கை இந்த வரிசையில் சேர்ப்பீர்களா அண்ணே?

கண்டிப்பாக. உக்ரைன்காரர் உசிக் 2024-இல் ஃபியூரியை இரண்டுமுறை வென்றார், அதுவும் முதல்முறை கிட்டத்தட்ட 40 பவுண்டு, இரண்டாம்முறை 55 பவுண்டு எடை குறைவாக இருந்துகொண்டு. பெரிய ஆள் வந்துவிட்டால் சின்ன ஆளுக்கு வேலையில்லை என்ற பேச்சு அந்த இரண்டு இரவுகளோடு முடிந்தது.

அலியோடு என்றால், தேடவேண்டிய ஆட்டம் 1966 ஃபிராங்க்ஃபர்ட். கார்ல் மில்டன்பெர்கர் இடக்கைக்காரர், உசிக் மாதிரி வலது காலை முன்னால் வைத்து நிற்பவர். அலிக்கு அன்று தூரம் சரியாகவே பிடிபடவில்லை, முடிக்க 12ஆவது சுற்றுவரை ஆனது. உசிக் மில்டன்பெர்கரைவிட எவ்வளவோ மேல். 12 சுற்று என்றால் நான் உசிக் என்றே சொல்வேன், ஒரே ஒரு சுற்று வித்தியாசத்தில். இந்தப் பட்டியலிலேயே நான் நேரில் பார்க்க ஏங்கும் ஆட்டம் இதுதான்.

உட்லண்ட்ஸ்: மகள் பாலிடெக்னிக்கில் குத்துச்சண்டை சேர்ந்திருக்கிறாள். யாரைப் பார்க்கச் சொல்லட்டும்?

ரொம்ப சந்தோஷம்மா. அலியைப் பார்த்துப் பழக வேண்டாம், அந்தத் தலை இழுப்பு ஒட்டிக்கொள்ளும். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸின் ஜேபைப் பார்க்கச் சொல்லுங்கள். கை போன பாதையிலேயே தாடைக்குத் திரும்பி வருகிறதா என்று மட்டும் கவனிக்கட்டும்.

தோ பாயோ: அலி நம் பக்கம் வந்தாராமே, உண்மையா?

உண்மை. 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். ஜோ பக்னரோடு 15 சுற்று, புள்ளிகளில் அலி. மூன்று மாதம் கழித்துத்தான் மணிலாவில் ஃபிரேசியருடன் மூன்றாவது ஆட்டம்.

அப்பா கூட்டாளிகளோடு போனார். எனக்குப் பத்து வயது, கூட்டிப்போகவில்லை. திரும்பி வந்த இரவு, எல்லாரும் தூங்கியபின் சமையலறையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலியின் கால் எப்படிப் போனது என்று எனக்குக் காட்டினார். இடது, இடது, நின்று, வலது. சிமெண்டுத் தரையில் வெறுங்கால், சத்தமே இல்லை. பக்னர் இங்கே நிற்கிறார் என்று அரிசி டின்னை நடுவில் இழுத்துப் போட்டார். அதைச் சுற்றி நானும் நடந்தேன்.